ஏழாம் எண் இரும்பும் இருபத்தொன்பது கெஜமும்

ஜனவரி 5, ஞாயிறு

கிளப் அறிவிப்புப் பலகையில் இன்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கீழே கிளப் கேப்டனான கர்னல் உத்தப்பாவின் கையெழுத்து. ஞாயிறு காலை நெரிசல் தாங்க முடியவில்லையாம். மார்ச் முதல் ஞாயிறு தொடங்கி, ஹேண்டிகேப் பதினெட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே காலை நேரம். மற்றவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வரலாம். பிப்ரவரி முடிவதற்குள் ஒவ்வொருவரும் நான்கு ஆட்ட அட்டைகளைத் தர வேண்டும். சராசரி தொண்ணூறு அடிகளைத் தாண்டக் கூடாது.

எங்கள் மைதானத்தின் பதினெட்டுக் குழிகளையும் எழுபத்திரண்டு அடிகளில் முடிக்க வேண்டும் என்பது அதை அமைத்தவரின் எண்ணம். அதற்கு மேல் எத்தனை அடிகள் ஆகும் என்று கிளப் ஒருவரைப் பற்றி நம்புகிறதோ, அதுவே அவருடைய ஹேண்டிகேப். என்னுடையது ஆறு ஆண்டுகளாகப் பதினேழு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு வர வேண்டிய எண்ணும் இல்லை.

டாக்டர் இளங்கோ, ஹபீப், மத்தாய், நான். பதினான்கு ஆண்டுகளாக ஞாயிறு ஏழு பத்துக்கு ஆடுகிறோம். ஓய்வு பெற்றபின் என் வாரத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு நடக்கும் காரியம் இது ஒன்றுதான்.

“ஒண்ணும் ஆகாது சிகாமணி, நீ பாஸ் ஆயிடுவே” என்றார் டாக்டர். மற்ற இருவரிடம் அவர் இதைச் சொல்லவில்லை.

காரணத்தை ஆராய்ந்தேன். என் இரும்பு மட்டைகள் பழையவை. ஊரை விட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் விட்டுச் சென்றவை. புதிய செட் ஒன்றை முறைப்படி தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இரும்பு மட்டைகள் பற்றி இரண்டு நாட்களாகப் படிக்கிறேன். இருவகை உண்டு. ஒன்று பிளேடு: மெல்லிய, வழவழப்பான, ஒரே வார்ப்பான இரும்பு. நட்டநடுவில் பட்டால் பந்து பறக்கும். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் கை அதிரும், பந்து பாதி வழியில் விழும். மற்றது முதுகைக் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளிய அகலமான இரும்பு. தள்ளிப் பட்டாலும் பந்து ஏறக்குறையப் போக வேண்டிய இடத்துக்கே போய்விடும். இந்த இரண்டாம் வகையைத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே சொல்லால் புகழ்கிறார்கள்: மன்னிக்கும் மட்டையாம்.

நான் சட்டமுறை எடையளவுத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தவன். முத்திரை ஆய்வாளராகச் சேர்ந்து, துணைக் கட்டுப்பாட்டாளராக ஓய்வு பெற்றேன். இருபது கிராம் குறைந்த படிக்கல்லை நான் மன்னித்ததில்லை. மன்னிப்பதற்கு இரும்பு யார்?

மட்டையின் எண் குறையக் குறைய முகத்தின் சாய்வு குறையும், பந்து தூரம் போகும். டாக்டர் பிளேடு வைத்திருக்கிறார். ஏழாம் எண்ணில் நூற்றறுபது கெஜம் அடிக்கிறார். என் பழைய ஏழாம் எண் நூற்றைம்பது போகிறது. இது பதினான்கு ஆண்டு அனுபவம், சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்கும் பிளேடே பொருந்தும் என்று படுகிறது.

மனைவி நாயகியிடம் விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “முப்பத்தாறு வருஷமா பக்கத்துலயே ஒருத்தி மன்னிச்சுட்டுத்தான் இருக்கா. அது பரவால்ல, இரும்பு மன்னிச்சா மட்டும் கசக்குதாக்கும்” என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டேன். சரியாக இருந்தது. கொண்டுவந்தவர் முன்பு போல என்னுடன் பேசுவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

வழக்கமான ஆட்டம், கணக்கில் சேராது. புல்லில் உறைபனி.

போஜனைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுதும்படி எதுவும் நடந்ததில்லை. போஜன் என் கேடி. பையைச் சுமந்து, தூரம் சொல்லி, பந்தைத் தேடித் தருபவரை கிளப்பில் அப்படித்தான் அழைப்பார்கள். காவல் நிலையப் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வயது ஐம்பத்தெட்டு. மேல்ஹட்டியில் அரை ஏக்கர் கேரட் போட்டிருக்கிறார். மைதானத்தில் தூரக் கம்பங்கள் கிடையாது. கேடி சொல்வதுதான் அளவு. போஜன் பந்தைப் பார்ப்பார், கொடியைப் பார்ப்பார், “நூத்தி அம்பது சார், செவன்” என்பார். மட்டையை நீட்டும்போது பிடி என் பக்கம் இருக்கும். அவர் சொன்ன எண்ணுக்கு நான் அடித்தால் பந்து பெரும்பாலும் கிரீன் மேல், அதாவது குழியைச் சுற்றிய கத்தரித்த புல்தரையில் இருக்கும். பதினான்கு ஆண்டுகளில் நாங்கள் விவாதித்ததே இல்லை.

பன்னிரண்டாம் குழி மட்டும் தொல்லை. அது ஒரே அடியில் கிரீனை எட்ட வேண்டிய சின்னக் குழி. நூற்று நாற்பத்தெட்டு கெஜம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஏழாம் எண் போதும். ஆனால் அங்கே எப்போதும் எதிர்க்காற்று. “காத்து அடிக்குதுங்க சார், அஞ்சாம் நம்பர் எடுங்க” என்பார் போஜன். இன்றும் அடித்தது. கொடி அசையவில்லை, மேலே அடிக்கும் காற்று கீழே தெரியாது என்று போஜன் முன்பே விளக்கியிருக்கிறார். பள்ளத்தாக்கின் அமைப்பு அப்படி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நாயகியின் தங்கை குடும்பம் வந்தது. அவள் கணவர் கோல்ஃப் விளையாட்டா, நடைப்பயிற்சியா என்று கேட்டார். கரும்பு நன்றாக இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

கோயம்புத்தூர் போய் வந்தேன். அவினாசி சாலையை ஒட்டிய ஒரு தெருவில், உடலுக்கும் ஆட்டத்துக்கும் பொருத்தமான மட்டை தேர்ந்து தரும் கடை. அங்கே ஆதிரை என்ற பெண். மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் படித்தவர். வலையைப் பார்த்து அடிக்கச் சொன்னார். தரையில் இருந்த பெட்டி ஒன்று பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளந்து, தூரத்தைத் திரையில் காட்டியது.

என் பழைய ஏழாம் எண்ணில் பத்து அடிகள். சராசரி நூற்று இருபத்திரண்டு கெஜம்.

“இந்தக் கருவியை யார் சரிபார்த்து முத்திரை போட்டது?” என்று கேட்டேன்.

“முத்திரையெல்லாம் இல்லங்க சார். காலைல நானே செக் பண்ணேன்.”

“விற்பவரே எடைக்கல்லைச் சரிபார்ப்பது சட்டப்படி செல்லாதும்மா.”

“சரிங்க சார். இன்னும் அஞ்சு அடிக்கறீங்களா?”

அடித்தேன். நூற்று இருபத்தொன்று.

பிறகு மட்டை முகத்தில் ஒரு மெல்லிய தாளை ஒட்டினார். பந்து எங்கே படுகிறதோ அங்கே புள்ளி விழும். பத்துப் புள்ளிகளும் பத்து இடங்களில் விழுந்தன; ஒன்று மட்டையின் கழுத்தருகே. ஆதிரை அதை எடுத்து மரியாதையாகப் பார்த்தார்.

“சார், உங்க கேம் எப்படின்னு ஒரு வார்த்தைல சொல்லுங்களேன்.”

“சீரானது.”

“ம்” என்றார்.

முதுகு குடைந்த அகலமான மட்டை ஒன்றைக் கொடுத்தார். அதிலும் ஏழு என்றுதான் பொறித்திருந்தது. நூற்று முப்பத்தைந்து கெஜம் போனது. மகிழ்ந்தேன். அவர் உடனே, “ரொம்ப சந்தோஷப்படாதீங்க சார். நம்பர்தான் ஏழு. முகத்தோட சாய்வு இருபத்தொம்பது டிகிரி. உங்க பழசு முப்பத்தஞ்சு. பழைய கணக்குல இது ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வரும்” என்றார்.

ஆறையும் ஐந்தையும் கலந்து ஏழு என்று பொறித்து விற்கிறார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எந்தச் சாய்வுக்கு எந்த எண் என்று எங்கும் விதி இல்லையாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் ஏழு அடுத்தவர் ஏழைவிடத் தூரம் போக வேண்டுமென்று ஆண்டுக்கு அரை டிகிரி நிமிர்த்திக்கொண்டே வருகிறார்களாம். உலகம் முழுவதும், பட்டப்பகலில், படித்த மக்களிடம். அரிசிக் கடையில் இப்படிச் செய்திருந்தால் நான் ஷட்டரை இறக்கியிருப்பேன்.

“வாங்கறவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் சார்.”

பிளேடு ஒன்று, அகலமானது ஒன்று, இரண்டு ஏழாம் எண்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி கொடுத்தனுப்பினார். பெட்டியில் கோளாறு என்று அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் அட்டை: 87.

நான்காம் குழியில், சில்வர் ஓக் மரத்தருகே இருந்து போஜன் சொன்னார், “நூத்தி அம்பதுங்க சார்.” பிளேடு ஏழை எடுத்தேன். நடுவில் பட்டது. கொடிக்குப் பன்னிரண்டடியில் நின்றது. நூற்றைம்பது கெஜம்! நூற்று இருபத்திரண்டு கெஜக்காரன் இதைச் செய்ய முடியாது. கோயம்புத்தூர்ப் பெட்டி பொய் சொல்கிறது என்பதற்குச் சாட்சியாக டாக்டர், ஹபீப், மத்தாய், போஜன் நால்வரும் இருந்தார்கள்.

ஜனவரி 20, திங்கள்

ஆதிரைக்கு நேற்றே எழுதிப் போட்ட புகாருக்கு ஆதாரம் வேண்டுமே என்று, எஃகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. கேடிகள் ஆடும் நாள். ஆளுக்கு ஒன்றிரண்டு பழைய மட்டைகளோடு அவர்கள் கீழ்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாயகி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

சில்வர் ஓக் மரத்திலிருந்து கிரீனின் நடுவரை: நூற்று இருபத்தொரு கெஜம்.

மறுபடி அளந்தோம். நூற்று இருபத்தொன்று.

குளிரில் எஃகு சுருங்கும். கணக்குப் போட்டேன். இருபது டிகிரி வித்தியாசத்துக்கு இந்தத் தூரத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வரும். அதுவும் எதிர்த்திசையில்: நாடா சுருங்கினால் தூரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆக, கணக்கில் வராத தூரம் இருபத்தொன்பது கெஜமும் ஓர் அங்குலமும்.

“இன்னொரு தடவ அளக்கணுமா? என் காலெல்லாம் நனஞ்சு போச்சு” என்றாள் நாயகி.

“தூரம் தப்பா இருக்கு.”

“தூரம் எப்படிங்க தப்பா இருக்கும்? அது பாட்டுக்கு அங்கதான இருக்கு.”

மேலும் ஐந்து இடங்களில் அளந்தேன். எங்கும் போஜன் சொல்லும் எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பன்னிரண்டாம் குழி மட்டும் அட்டையில் உள்ளபடி நூற்று நாற்பத்தெட்டு. அங்கே அரை மணி நேரம் நின்றேன். காற்று இல்லை.

ஒரே விளக்கம்தான் இருக்க முடியும். பாவம், போஜனுக்குப் பார்வை மங்கிவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். பஞ்சாயத்துப் பள்ளியில் கொடியேற்றத்துக்குப் பிறகு இலவசக் கண் முகாம். ஆட்டத்தை விட்டுவிட்டுப் போஜனை அழைத்துப் போனேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

எழுத்துப் பலகையை மேலிருந்து படித்தார். கடைசி வரியையும் படித்தார். கண் பரிசோதிக்கும் பெண் போதும் என்றார். போஜன் நிறுத்தாமல், பலகையின் அடியில் அச்சகத்தின் பெயரையும், ஊரையும், தொலைபேசி எண்ணையும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு நல்லாத்தானுங்க சார் இருக்கு.”

“சந்தோஷம் போஜன்.”

“ஆமாங்க சார்.”

 எனக்கும் அங்கேயே பரிசோதித்தார்கள். இடது கண்ணில் சிறிய குறை இருக்கிறதாம்.

ஜனவரி 28, செவ்வாய்

பழைய பழக்கத்தில் ஒரு நோட்டீஸ் எழுதிப் பார்த்தேன். ‘தாங்கள் கடந்த பதினான்கு ஆண்டுகளாக நூற்று இருபத்தொரு கெஜத்தை நூற்றைம்பது கெஜம் என்று தெரிந்தே அறிவித்து வந்துள்ளது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது.’ இதுவரை சிக்கலில்லை. அடுத்த வரியில், இதனால் நுகர்வோருக்கு ஏற்பட்ட இழப்பைக் குறிப்பிட வேண்டும். அங்கே பேனா நின்றது. அவர் சொன்ன எண்ணை நம்பி எடுத்த மட்டை சரியான மட்டை. அடித்த பந்து கிரீனில் இருந்தது. எண்ணிய அடிகள் எல்லாம் உண்மையான அடிகள். இழப்பு என்ற இடத்தை நிரப்ப எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் பணிக்காலத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஜனவரி 29, புதன்

குளியலறை எடைக் கருவியைச் சரிபார்த்தேன். மூன்று கிலோ குறைத்துக் காட்டுகிறது. நாயகியிடம் இன்னும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டாம் அட்டை: 95.

என் புகாருக்குப் பதிலாக ஆதிரை பார்சலில் அனுப்பிய லேசர் தூரமானியைக் கொண்டுபோனேன். கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கொடி இருக்கும் தூரம் தெரியும். பிழை ஒரு கெஜத்துக்கு உள்ளே. போஜன் வாய் திறக்கும் முன்பே, “நூற்றுப் பதினெட்டு” என்று நானே அறிவித்தேன். “சரிங்க சார்” என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். நாள் முழுவதும் அவர் சொன்னது அந்த ஒன்றுதான்.

நூற்றுப் பதினெட்டுக்கு எந்த மட்டை? பெட்டியின் தீர்ப்புப்படி ஏழு. ஆனால் நூற்றுப் பதினெட்டு என்று தெரிந்த பிறகு ஏழை எடுக்க எந்த ஆண் பிள்ளைக்குக் கை வரும்? டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயமான சமரசமாக எட்டை எடுத்துச் சற்று பலமாக அடித்தேன். கிரீனுக்கு முன்னால் இருக்கும் மணல் பள்ளத்தில் விழுந்தது. இப்படி ஏழு முறை. அந்தப் பள்ளங்கள் இத்தனை பெரியவை என்று பதினான்கு ஆண்டுகளில் எனக்குத் தெரியாது.

பிளேடு எனக்கு ஒத்துவரவில்லை என்பதும் உறுதியாயிற்று. கை இன்னும் அதிர்கிறது.

“மெஷின் வெச்சுக்கிட்டு ஆடறது பேங்க் வேலை மாதிரி இருக்குப்பா” என்றார் ஹபீப். டாக்டர் மட்டும் லேசரை வாங்கிப் பார்த்தார். தன் பந்துக்கு அளந்து பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அவருடைய கேடி ஹாலன் அவசரமாக, “சார், பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க” என்றார். பின்னால் யாருமில்லை.

பிப்ரவரி 5, புதன்

நாயகி உழவர் சந்தையில் போஜனின் மனைவியைப் பார்த்தாளாம். கேரட் வாங்கினாளாம்; கூடவே செய்தியும்.

“போஜன் ரெண்டு நாளா சரியா சாப்பிடலையாம். சார் என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாராம். அப்புறம் பேசாம உக்காந்துக்கறாராம்.”

“அவர் எனக்குத் தப்பான தூரம் சொன்னார், நாயகி. பதினாலு வருஷம்.”

“மொதல்ல சரியாத்தான் சொன்னாராம். நீங்க வந்த புதுசுல. நூத்தி இருவதுன்னாராம். அதுக்கு ஏழாம் நம்பர் நீட்டினாராம். நான் என்ன கெழவனான்னு கத்திட்டு ஒம்பதாம் நம்பர்ல அடிச்சீங்களாம். நாலு பந்து குட்டைல.”

எனக்கு அப்படி நினைவில்லை. குட்டை மட்டும் நினைவிருக்கிறது.

“அடுத்த வாரம் நூத்தி அம்பதுன்னு சொல்லிப் பாத்தாராம். ஏழாம் நம்பரை நீங்களே கேட்டு வாங்கிக்கிட்டீங்களாம். பந்து போய் உக்காந்துச்சாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. அப்படியே விட்டுட்டாராம்.” கேரட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினாள். “கெட்டிக்காரர்.”

குளியலறை எடைக் கருவியைப் பற்றிக் கேட்க இதுதான் தருணம் என்று தோன்றியது. கேட்கவில்லை. காப்பி கேட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு வாரச் சோதனைக்கென்று ஆதிரை முழு செட்டையும் அனுப்பிவிட்டார்: முதுகு குடைந்த, அகலமான, மன்னிக்கும் வகை. தண்டுகள் கிராஃபைட், எடை குறைவு. கூடவே ஒரு சீட்டு: ‘சார், இதுதான் உங்கள் ஆட்டத்துக்கு. நம்பரைப் பார்க்காதீர்கள்.’

பார்த்தேன். ஏழு என்றுதான் போட்டிருக்கிறது. அழகான மட்டைகள் இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் தோசைத் திருப்பி போல இருக்கின்றன.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்றாம் அட்டை: 90. தோசைத் திருப்பிகள், லேசர். இரண்டும் பொய் சொல்லாதவை. பாதி அடிகள் கிரீனைத் தாண்டிப் போயின. எது எவ்வளவு போகும் என்று எனக்கும் தெரியவில்லை, போஜனும் சொல்லவில்லை. மூன்றும் சேர்ந்து 272. நான்காவது 88-க்கு மேல் போனால் பிற்பகல் இரண்டு மணி.

முடிந்ததும் மத்தாய், “இரண்டு மணி ஆட்டமும் நல்லாத்தான் இருக்கும், வெயில் காயலாம்” என்றார். டாக்டர் அவரை முறைத்தார். என் இடத்துக்கு வேறு ஒருவர் விண்ணப்பித்திருப்பதாகக் கேள்வி. ஹேண்டிகேப் ஒன்பதாம், வயது முப்பத்தொன்றாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பயிற்சித் திடலுக்குப் போனேன். போஜன் அங்கே இருந்தார். நான் வரச்சொல்லவில்லை.

“புது மட்டைங்களா சார்?”

“ஆமாம். கடைக்காரம்மா மன்னிக்கும் மட்டைன்னு சொல்றாங்க.”

“நல்லதுங்க சார்.” சற்று நேரம் மட்டைகளையே பார்த்தார். “ஒவ்வொண்ணுலயும் அஞ்சஞ்சு அடிங்க. நான் அந்தாண்ட நின்னுக்கறேன்.”

திடலின் மறுகோடிக்குப் போனார். பந்து விழும் இடத்தில் எல்லாம் துண்டைப் போட்டு, அங்கிருந்து நடந்து வந்தார். குறிப்பேதும் எடுக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நாற்பது பந்துகள். கடைசியில் பந்துகளைக் கூடையில் கொண்டுவந்து வைத்தார்.

“போதுங்க சார். இந்த செட்டையே எடுத்துக்கங்க.”

“பிளேடு?”

“அது டாக்டருக்கே சரியில்லைங்க சார்” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

லேசரை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் நோட்டைத் திறந்தேன். மறக்கவில்லை.

முதல் குழியில் என் பந்து கிடந்த இடத்தில் போஜன் பையை இறக்கினார். வழக்கம்போல் இரண்டடி தள்ளி நின்றார். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். டாக்டர் தொலைவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எவ்வளவு, போஜன்?”

அவர் கொடியைப் பார்த்தார். என் இடுப்பில் லேசர் உறை இல்லாததைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“யாருக்குங்க சார்?”

முப்பத்து மூன்று ஆண்டு சேவையில் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. தூரம் என்பது ஆளைப் பொறுத்ததல்ல. ஆளைப் பொறுத்து மாறக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு துறையே இருக்கிறது. இதை விளக்கியிருக்கலாம். ஆனால் 88 வேண்டியிருந்தது. அது மட்டும் காரணமில்லை.

“எனக்கு” என்றேன்.

போஜன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நூத்தி அறுபது சார். ஆறாம் நம்பர்” என்றார். பிடியை என் பக்கம் நீட்டினார். பந்து கிரீனில் போய் நின்றது.

பிறகு நாங்கள் பேசிக்கொண்டே ஆடினோம். கேரட் விலை, அவர் பேரனுக்குக் காது குத்து, கர்னலின் புதிய நாய். பன்னிரண்டாம் குழியில் காற்று பலமாக அடித்தது. நான் ஆமோதித்தேன்.

பதினேழு குழிகள் முடிந்தபோது 83. கடைசிக் குழியை ஐந்தில் முடிக்க வேண்டும். இரண்டு அடிகள் ஆகிவிட்டன. கிரீனுக்கு முன்னால் ஓடை. “நூத்தி அம்பதுங்க சார்” என்றார் போஜன். “செவன்.”

அடித்தேன். நடுவில் படவில்லை. மட்டையின் மூக்கில், வெகுதூரம் தள்ளிப் பட்டது. கையில் அது தெரியும். பிளேடாக இருந்தால் பந்து ஓடையில் குளித்திருக்கும். இந்தத் தோசைத் திருப்பி ஒன்றும் கேட்காமல் பந்தைத் தூக்கி ஓடைக்கு அந்தப்புறம் கிரீனின் விளிம்பில் வைத்தது. அங்கிருந்து இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு மூன்றடி தூரம். அதை நான் அளக்கவில்லை, போஜனிடமும் கேட்கவில்லை.

88.

டாக்டர் அட்டையில் கையெழுத்திட்டார். கூட்டி, வகுத்துப் பார்த்தார். மறுபடி வகுத்தார். “தொண்ணூறு. சரியா தொண்ணூறு. யோவ், உன் ஆயுசுக்கும் இப்படி முத்திரை போட்ட மாதிரி ஒரு கணக்கு வராதுய்யா!” என்று என் முதுகில் அறைந்தார். போஜன் மட்டைகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் எண்ணை மட்டும் இரண்டு முறை துடைத்தார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆதிரைக்குக் கடிதம். முழு செட்டையும் எடுத்துக்கொள்கிறேன். பிளேடையும் லேசரையும் திருப்பி அனுப்புகிறேன். கருவியில் கோளாறு என்று நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தங்கள் ஏழாம் எண்ணை நான் நூற்றைம்பது கெஜம் அடிக்கிறேன் என்றும் எழுதினேன். பிறகு அந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஏழு பத்து. பனி இல்லை. டாக்டர், ஹபீப், மத்தாய், நான்.

மூன்றாம் குழியில் டாக்டர் பிளேடு ஏழில் ஒரு நல்ல அடி அடித்தார். பந்து கொடிக்கு அருகே விழுந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார். எழுபத்து நான்கு வயது, சென்ற ஆண்டு முழங்கால் அறுவை, கன்னம் சிவந்திருந்தது.

“எவ்வளவு இருக்கும் அது? ஹாலன் நூத்தி அறுபதுங்கறான். சிகாமணி, நீதானய்யா அளவுக்காரன், நீ சொல்லு.”

ஹாலன் பையின் வாரைச் சரிசெய்யக் குனிந்தார். நெடுநேரம் சரிசெய்தார்.

டாக்டர் நின்று அடித்த இடத்தையும் கொடியையும் பார்த்தேன். என் கண்ணுக்கு இதெல்லாம் பழக்கம், இடது கண்ணில் குறை இருந்தாலும். நூற்று முப்பத்தொன்று, ஒரு கெஜம் முன்பின்.

“நூற்றறுபதுக்கு ஓர் அங்குலம் குறையாது, டாக்டர்” என்றேன்.

“பாத்தியா!” என்றார் டாக்டர் மத்தாயிடம்.

ஹாலன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு போஜனைப் பார்த்தார். போஜன் என் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.